ரிக் வண்டிக்கார முருகையனும் மூன்று பூட்டும்

எண்பதுகளில் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஏதாவது ஊருக்குத் தண்ணீர் போர் போட, பாறையைத் துளைக்கும் ரிக் வண்டி வந்தால், தேங்காய் உடைப்பதற்கு முன்னால் ஒரு காரியம் நடக்கும். மூன்று பேர் கரண்டுக் கம்பத்தடிக்கு நடந்து போவார்கள். ஒருவர் ஒன்றிய ஆபீஸ் ஆள், ஒருவர் கரண்ட் ஆபீஸ் ஆள், மூன்றாவது ரிக் வண்டிக்காரர். ஆளுக்கொரு பூட்டு கையில் இருக்கும். லைனை இறக்கிவிட்டு, அதாவது கரண்டை நிறுத்திவிட்டு, சுவிட்ச் கைப்பிடியில் மூன்று பூட்டையும் மாட்டி, அவரவர் சாவியை அவரவர் இடுப்பில் செருகிக்கொண்ட பிறகுதான் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவார்கள். வெளியூரிலிருந்து வரும் இன்ஜினியர்கள் நல்ல ஏற்பாடு என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். நல்ல ஏற்பாடுதான். இரண்டு பிணம் விழுந்த பிறகு வந்த ஏற்பாடு.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் முருகையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனுஷன் கதை கேட்கப் போகிறோம் என்று யாரும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். முருகையன் அடிதடிக்காரன். கீழ்பென்னாத்தூருக்குக் கிழக்கே மூன்று ஏக்கர் வேர்க்கடலைக் கொல்லை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன். மண்வெட்டி பிடிக்கப் பழகும் முன்பே கையை முறுக்கப் பழகிவிட்டான். வாலிப வயதில் சந்தையில் ஒரு மாட்டுத் தரகனின் முன்பற்களை இறக்கினான். என்னடா காரணம் என்று கேட்டதற்கு, "என்னப் பாத்து சிரிச்சான்" என்றான். தரகன் அதற்கப்புறம் யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை.

அவனைத் திருப்பி அடித்த ஒரே ஆள் தருமன். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் யார் முதலில் இடித்தது என்று ஆரம்பித்த சண்டை அது. இருவர் மூக்கிலும் ரத்தம். போலீஸ்காரர் ஒருவர் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து, சாயங்காலம் வரை விட்டுவிட்டு மறந்துபோனார். அந்த பெஞ்சிலேயே சிநேகமாகிவிட்டார்கள். தருமன் ரிக் வண்டியில் வேலை செய்துகொண்டிருந்தான். முருகையனுக்கும் அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தான். அடுத்த தை மாதம் தன் தங்கை வேதாவையும் கட்டிக் கொடுத்தான். ரமணாசிரமத்தைத் தாண்டி செங்கம் ரோட்டில் ஒரு வாடகை வீட்டில் மூன்று பேரும் குடியிருந்தார்கள். மச்சானும் மாப்பிள்ளையும் வாரம் ஒரு தடவையாவது கட்டிப் புரளுவார்கள். பக்கத்து அறையில் தியானத்துக்கு வந்து தங்கியிருந்த வெள்ளைக்காரி ஒருத்தி பயந்துபோய் வேறு வீடு பார்த்துக்கொண்டாள். வேதா மட்டும் அசைய மாட்டாள். "சோறு ஆறுது, சீக்கிரம் அடிச்சி முடிங்க" என்பாள்.

தருமன் என்றால் முருகையனுக்கு உயிர். அதை அவன் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. அவனுக்குத் தெரிந்த பாஷை கை ஒன்றுதான்.

ரிக் வேலை என்பது வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தித் துளை போடுவது மட்டும் அல்ல. அதற்கு முன்னால் ஆபீஸ் ஆபீஸாக அனுமதி வாங்க வேண்டும். எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று குறி வைப்பது ஒரு ஆபீஸ். அந்த இடத்தில் போடலாம் என்று உத்தரவு தருவது ஒன்றிய ஆபீஸ். வண்டி போக ரோட்டோரப் புளியமரத்தின் கிளையை வெட்ட ரோடு ஆபீஸ். தலைக்கு மேல் ஓடும் லைனை நிறுத்தித் தர கரண்ட் ஆபீஸ். லைனை நிறுத்தித் தருவதற்கு 'லைன் கிளியர்' என்று பேர். நாலு ஆபீசும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில்தான் இருந்தன. ஆனால் சம்பந்தி சண்டை போட்ட வீடுகள் மாதிரி ஒருத்தர் வாசலை ஒருத்தர் மிதிக்க மாட்டார்கள்.

எழுபத்தேழாம் வருஷம், கார்த்திகை தீபத்துக்குச் சில நாள் முன்னால், கொல்லைமேட்டூருக்குப் போர் போடப் போனார்கள். ரிக் வண்டியின் முதுகில் மாஸ்ட் என்று ஒன்று படுத்திருக்கும். நிமிர்த்தினால் பனைமர உயரத்துக்கு நிற்கும் இரும்புக் கூடு. குறி வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே லைன் ஓடியது. ஒன்றிய ஆபீஸ் மூலமாக லைன் கிளியர் வாங்கியாகிவிட்டது. லைனும் இறங்கிவிட்டது. மாஸ்டை நிமிர்த்தி, உச்சியில் கப்பி கட்டத் தருமன் ஏறினான்.

அதே லைனுக்குக் கீழே, கொஞ்ச தூரம் தள்ளி, ரோடு ஆபீஸ் ஆட்கள் புளியங்கிளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் தனியாக ஒரு லைன் கிளியர் வாங்கியிருந்தார்கள். காலையில் லைனை இறக்கிய ஆள், தீபத்துக்கு விளக்கு கட்ட டவுனுக்கு வரச் சொல்லிவிட்டார்கள் என்று கிளம்பினான். போகிற அவசரத்தில், தன் இடத்துக்கு வந்த ராஜேந்திரனிடம், "மரம் வெட்டுறாங்க, முடிஞ்சதும் ஆள் அனுப்புவாங்க, ஏத்திடு" என்றான். ரிக் வண்டியைப் பற்றி அவனுக்கே தெரியாது. ரிக்குக்கும் லைன் கிளியர் கொடுத்த சேதி ஆபீசோடு நின்றுவிட்டது. ஏரிக்கரைக்குப் பின்னால் சுவிட்ச் கம்பத்தடியில் உட்கார்ந்திருந்த ராஜேந்திரனுக்கு ரிக் வண்டி கண்ணிலும் படவில்லை. மரம் வெட்டி முடிந்தது. ஆள் வந்தான். ராஜேந்திரன் கைப்பிடியை மேலே தள்ளினான்.

முருகையன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். மின்னல் வெட்டிய மாதிரி ஒரு வெளிச்சம். தருமன் கம்பியோடு ஒட்டிக்கொண்டு துடித்தான். அவன் தலைமயிர் எரிந்தது. "மேல ஆள் இருக்குடா! மேல ஆள் இருக்குடா!" என்று முருகையன் கத்தியது அந்த ஊர் முழுக்கக் கேட்டது, கேட்க வேண்டியவனுக்குத்தான் கேட்கவில்லை. லைன் தானாகக் கட்டாகி நின்றபோது தருமன் மேலிருந்து கழன்று வண்டியின் மேல் விழுந்தான். வலது கை கருகிப் பாதி இல்லை. முருகையன் அவனை மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தில் அறைந்தான். எழுந்து திருப்பி அடிப்பான் என்று பார்த்தான்.

லைன் ஏன் நின்றது என்று பார்க்க ராஜேந்திரன் சைக்கிளில் வந்தான். கூட்டத்தைப் பார்த்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"யாரு லைன ஏத்துனது?" என்றான் முருகையன்.

"நான்தாங்க. மரம் முடிஞ்சிதுன்னு வந்து..."

அவனை முடிக்க விடவில்லை. பைப் முடுக்கும் ஸ்பானர், ஒரு முழ நீள இரும்பு, முருகையன் கையில் இருந்தது. முதல் அடி தாடையில். ராஜேந்திரன் தடுக்கத் தூக்கிய இடது கையில் அடுத்த அடி. எலும்பு உடைந்த சத்தம் கேட்டது. விழுந்தவனின் அதே கையை மிதித்து நிறுத்தி இன்னொரு அடி அடித்தான். சுற்றி நின்றவர்கள் யாரும் தடுக்கவில்லை. ராஜேந்திரன் கூடப் பெரிதாகத் தடுக்கவில்லை என்பதை முருகையன் வெகுநாள் கழித்துத்தான் யோசித்துப் பார்த்தான். சேதி கேட்டு வந்த நாலு போலீஸ்காரர்கள் சேர்ந்து அவனை இழுத்தார்கள். அதில் ஒருவருக்குக் காது கிழிந்தது.

அப்புறம் விசாரணை வந்தது. ஒன்றிய ஆபீஸ் தன்மேல் தப்பில்லை என்றது. ரோடு ஆபீஸ் தன்மேல் தப்பில்லை என்றது. கரண்ட் ஆபீசும் அதையே சொன்னது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். மூன்று பேர் சொன்னதும் உண்மை! அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் செய்தார்கள். ஒழுங்காக வேலை செய்து ஒருத்தனைக் கொன்றார்கள். கடைசியில் தண்டனை முருகையனுக்கு மட்டும் கிடைத்தது. கோர்ட் வராந்தாவில் ராஜேந்திரனின் மனைவி சந்திரம்மாள் குனிந்து ஒரு பிடி மண்ணை வாரி அவன் முகத்தில் வீசினாள். "என் புருஷன் கைய ஒடிச்சவனே, நீ மண்ணாப் போவ" என்றாள். முருகையன் வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு ஜெயில் வண்டியில் ஏறினான்.

வேலூர் ஜெயிலுக்கு வேதா மனுப் போட்டுப் பார்க்க வருவாள். அண்ணன் போனதிலிருந்து அவள் எதைச் சாப்பிட்டாள், எப்படி இருந்தாள் என்பதெல்லாம் வேறு கதை. ஆசிரமம் பக்கத்து விடுதி ஒன்றில் துணி துவைத்துப் பிழைத்தாள். வரும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"கைய ஒடிச்சிட்டு வந்து உக்காந்துட்டா போதுமா மாமா? எங்கண்ணனுக்கு ஒரு கைதான் ஈடா?"

"வெளிய வந்ததும் முடிச்சிடுறேன்."

"அண்ணாமலையார் மேல சத்தியமா?"

"சத்தியமா."

அந்தச் சத்தியத்தைத் தின்றுதான் அவன் ஜெயிலில் உயிரோடு இருந்தான். உள்ளேயும் சும்மா இருக்கவில்லை. சோற்று வரிசையில் ஒருத்தன் மூக்கை உடைத்ததற்காகத் தனியறையில் போட்டார்கள். இருட்டில் உட்கார்ந்து ராஜேந்திரனை எப்படிக் கொல்வது என்று நினைத்துக்கொண்டே தூங்குவான். தூக்கம் நன்றாகவே வந்தது.

எண்பத்திரண்டில் வெளியே வந்தான். அந்த வருஷம் மழை இல்லை. அடுத்த கோடையில் ஏரிகள் எல்லாம் வெடித்துப் பிளந்து கிடந்தன. ஒரு குடம் தண்ணீருக்காகப் பெண்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். சும்மா சொல்லவில்லை, கொல்லைமேட்டூரில் கிணற்றடிச் சண்டையில் ஒருத்திக்குத் தையல் போட்டார்கள். ரிக் ஓட்டத் தெரிந்தவன் யார் கிடைத்தாலும் போதும் என்ற நிலைமை. ஜெயிலுக்குப் போய் வந்தவன் என்று யாரும் பார்க்கவில்லை. முருகையனுக்கு வண்டி கிடைத்தது. அதுவும் கொல்லைமேட்டூருக்கே போகச் சொன்னார்கள். தருமன் செத்த பிறகு அந்த இடத்தை யாரும் தொடவில்லை. குறி வைக்கும் ஆபீஸ் திரும்ப வந்து, முன்பு வைத்த இடத்திலேயே சுண்ணாம்பு போட்டுவிட்டுப் போயிருந்தது.

முருகையன் வண்டியை நிறுத்தினான். அண்ணாந்து பார்த்தான். அதே லைன். இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி டயர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"லைன் கிளியர் வாங்கியாச்சுப்பா" என்றார் அப்பாசாமி. ஒன்றிய ஆபீஸ் ஓவர்சியர். எந்நேரமும் மூக்குப்பொடியும் கையுமாக இருக்கும் சாதுவான மனுஷர்.

"போன தடவையும் வாங்கியிருந்தாங்க சார். மாஸ்ட் எழும்பாது."

"பின்ன இன்னாதான் பண்ணணும்ன்ற?"

"யார் யாருக்கு இந்த லைன்ல வேலையோ அத்தன பேரும் இங்க வரணும். ஒரே கம்பத்தடியில நின்னு ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்து பேசணும். அப்பதான் ஏத்துவேன்."

ஊர் ஜனம் காலிக் குடத்தோடு நின்றது. முதலில் கெஞ்சினார்கள், அப்புறம் திட்டினார்கள். மறுநாள் கல் விழுந்தது. வண்டியின் முன் விளக்கு உடைந்தது. ரிக் ஆள் ஒருவனைப் பிடித்து ஊர்ப் பையன்கள் உதைத்தார்கள். முருகையன் வண்டியில் கிடந்த இரும்புச் சங்கிலியை எடுத்துச் சுழற்றினான். இரண்டு பேருக்குத் தோள்பட்டை இறங்கியது. ஆனாலும் மாஸ்ட் எழும்பவில்லை. அப்பாசாமி பாவம், சைக்கிளை மிதித்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். அவர் வேலைக்குச் சேர்ந்து அத்தனை வருஷத்தில் கரண்ட் ஆபீஸ் படியை ஏறியது அதுதான் முதல் தடவையாம். ஒரு வழியாக ஆபீஸ்கள் ஒப்புக்கொண்டன. ரோடு ஆபீஸ் மட்டும் அன்றைக்குத் தன் ஆட்களை அந்த லைன் பக்கமே விடுவதில்லை என்று சொல்லிவிட்டது. ஒன்றியத்துக்கு அப்பாசாமி. கரண்ட் ஆபீசிலிருந்து வரப்போவது யார் என்ற சேதி முருகையனுக்கு முன்னால் வேதாவுக்கு எட்டிவிட்டது.

"இன்னிக்கி அவன்தான் வரானாம்" என்றாள் விடிகாலையில். கேரியரில் சோறு கட்டினாள். பைக்குள் கேரியருக்கு அடியில் ஒரு சூரிக்கத்தியை வைத்தாள். முருகையன் பார்த்தான். பையை எடுத்துக்கொண்டான். வேலை முடியட்டும், சாயங்காலம் அவன் சைக்கிளில் ஏரிக்கரையைத் தாண்டும்போது முடித்துவிடலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தான்.

சுவிட்ச் கம்பத்தடியில் ராஜேந்திரன் நின்றிருந்தான். இடது கை சூம்பிப்போய் முழங்கைக்குக் கீழே கோணியிருந்தது. தாடை ஒரு பக்கமாக நகர்ந்திருந்ததால் பேச்சு குழறியது. கம்பம் ஏற முடியாத ஆள் என்று அவனைக் கீழ் வேலையில் போட்டிருந்தார்கள். முருகையனின் உடம்பு முழுக்கச் சூடு ஏறியது. கை தானாகப் பைக்குள் போனது.

ராஜேந்திரன் ஓடவில்லை. தன் துணிப்பையை அவிழ்த்து மூன்று பூட்டை எடுத்துக் கீழே வைத்தான். மூன்றும் புதுசு.

"பெரிய கோயில்ல உண்டியல் தொறக்கறத பாத்திருக்கியா?" என்று கேட்டான். "ஒரு உண்டியலுக்கு ஒரு சாவி இருக்காது. ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு சாவி. ஒருத்தர் வரலன்னாலும் தொறக்க முடியாது. காசுக்கே அவ்ளோ ஜாக்கிரதை. மனுஷன் உசுருக்கு ஒத்த ஆள் வாய்ச்சொல்லு. அன்னிக்கி இந்தக் கைப்பிடியில ஒங்க பூட்டு ஒண்ணு தொங்கியிருந்தா நான் எப்பிடி ஏத்தியிருப்பேன்?"

முருகையனின் கை பைக்குள்ளேயே இருந்தது.

"நீ அடிச்ச கை வலிக்கறப்ப எல்லாம் இதத்தான் நெனச்சினு இருந்தேன்" என்றான் ராஜேந்திரன். "எடு, உனக்கு புடிச்சத எடு."

அப்பாசாமி பொடியைக்கூடப் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முருகையன் பைக்குள்ளிருந்து கையை எடுத்து ஒரு பூட்டை எடுத்தான். ராஜேந்திரன் கைப்பிடியைக் கீழே இழுத்தான். மூன்று பூட்டும் விழுந்தன. மூன்று சாவியும் மூன்று இடுப்புக்குப் போயின. "நான் இங்கயே உக்காந்துக்கிறேன்" என்றான் ராஜேந்திரன். முருகையன் வண்டிக்குத் திரும்பினான். கத்தி பையிலேயே இருந்தது. சாயங்காலம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். முன்பு இருந்த உறுதி அந்தச் சொல்லில் கொஞ்சம் கம்மியாக இருந்தது அவனுக்கே தெரிந்தது, அதனால் கோபம் இன்னும் ஜாஸ்தியானது.

பாறை லேசில் விடவில்லை. உச்சிவேளைக்குள் லைனை விட்டுவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள், வேளை தாண்டியும் வெள்ளைத் தூசிதான் வந்தது. அந்த லைனில்தான் கீழண்டை ஊர்க் கொல்லைகளின் மோட்டார்கள் எல்லாம் ஓடின. கரண்டே ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம்தான் வரும். வேர்க்கடலை காய் பிடிக்கிற சமயம். பலராமன் என்று அங்கே ஒரு பெரிய விவசாயி. இவனும் பொல்லாதவன் இல்லை, பயிர் கண்ணெதிரே வாடுவதைப் பார்த்துப் பார்த்துப் புத்தி கலங்கியவன். பத்து இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு, கழியும் கடப்பாரையுமாக நேரே சுவிட்ச் கம்பத்துக்கு வந்தான்.

ரிக்கில் கம்ப்ரஸர் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. மாஸ்ட் உச்சியில் ஒருத்தன் கப்பியைச் சரிபண்ணிக்கொண்டிருந்தான். அவன்தான் அங்கிருந்து பார்த்துவிட்டுக் கையை ஆட்டினான். முருகையன் வண்டி மேல் ஏறி ஏரிக்கரைப் பக்கம் பார்த்தான். கம்பத்தைச் சுற்றிக் கூட்டம். கழிகள் ஏறி ஏறி இறங்கின.

"எறங்குடா!" என்று மேலே பார்த்துக் கத்திவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பூட்டு உடைந்து கீழே கிடந்தன. ஒன்று அப்பாசாமியின் பூட்டு, இன்னொன்று அவனுடையது. மூன்றாவதை உடைக்க முடியாமல் நின்றார்கள், ஏனென்றால் அதன் மேல் ராஜேந்திரன் கவிழ்ந்து கிடந்தான். தோளில் கிடந்த துண்டால் சூம்பிய கையைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, கம்பத்தை வயிற்றால் அணைத்துக்கொண்டு தொங்கினான். தலை இரண்டு இடத்தில் பிளந்திருந்தது. முதுகுச் சட்டை கிழிந்து சதை தெரிந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரே வார்த்தைதான் சொன்னான். "மேல ஆள் இருக்கு. மேல ஆள் இருக்கு."

முருகையன் அதற்கப்புறம் என்ன செய்தான் என்பது அவனுக்கே சரியாக நினைவில்லை. பார்த்தவர்கள் சொன்னார்கள். முதல் ஆளுக்கு முழங்கால் போனது. இரண்டாவது ஆளை முஷ்டியால் வயிற்றில் குத்தித் தூக்கி, வற்றிக் கிடந்த ஏரிக்குள் எறிந்தான். மூன்றாவது ஆள் கழியால் அவன் முதுகில் அடித்த அடியில் கழிதான் உடைந்தது. பலராமனைத் தரையில் தள்ளி, மார்பில் ஏறி உட்கார்ந்து, முகத்தில் குத்தினான், குத்திக்கொண்டே இருந்தான். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். பலராமன் கண் இரண்டும் மூடிப்போய் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தான். முருகையன் கடப்பாரையை அவன் நெற்றிக்கு நேரே ஓங்கினான்.

"எறங்கிட்டாங்களா?" என்று பின்னால் குழறலாக ஒரு குரல் கேட்டது.

கடப்பாரை ஓங்கியபடியே நின்றது. முருகையன் திரும்பினான். ராஜேந்திரன் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தான். ரத்தம் கண்ணை மறைத்திருந்தது.

"மேல இருந்தவங்க எறங்கிட்டாங்களா?"

"எறங்கிட்டாங்கண்ணா" என்றான் முருகையன். அண்ணா என்று அவன் யாரையும் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

கடப்பாரையைப் போட்டுவிட்டுத் துண்டை அவிழ்த்து அவனைத் தோளில் தூக்கிக்கொண்டான். ரிக்கோடு வந்த லாரியில் கிடத்தி, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். டவுன் ஆஸ்பத்திரிக்கு லாரி பறந்தது. கீழ்பென்னாத்தூரைத் தாண்டும் வரை மூச்சு இருந்தது. மலை நன்றாகத் தெரிகிற இடத்துக்கு வந்தபோது நின்றுவிட்டது. முருகையன் அவன் கன்னத்தைத் தட்டினான். இந்தத் தடவை அறையவில்லை.

ராத்திரி வீட்டுக்கு வந்தான். சட்டை முழுக்க ரத்தம். வேதா பார்த்தாள்.

"முடிச்சிட்டியா மாமா?"

"செத்துட்டான்."

"நீயா?"

"இல்ல. எங்களக் காப்பாத்தப் போயி செத்தான்."

நடந்ததை எல்லாம் சொன்னான். பைக்குள்ளிருந்து கத்தியை எடுத்துத் தரையில் வைத்தான். வேதா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் மார்பில் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டு அழுதாள். அண்ணனுக்காக அழுதாளா, அந்த ஆளுக்காக அழுதாளா, இத்தனை வருஷம் தினமும் அவன் சாவைக் கேட்டு விளக்கேற்றிய தனக்காக அழுதாளா என்று முருகையனுக்குத் தெரியவில்லை. அவனும் அழுதான். அடிப்பதற்கு யாரும் இல்லாமல் அழுதான்.

மறுநாள் ராஜேந்திரனை எரித்த பிறகு முருகையன் நேரே கொல்லைமேட்டூர் போய் மாஸ்டை நிமிர்த்தினான். சுவிட்ச் கைப்பிடியில் ராஜேந்திரனின் பூட்டு ஒன்று மட்டும் தொங்கியது. அதன் காவலில் மிச்சத் துளையைப் போட்டான். சாயங்காலம் தண்ணீர் பீறிட்டது. ஊரே நனைந்தது. யாரும் கூச்சல் போடவில்லை.

பலராமனும் அவன் ஆட்களும் அதற்குள் போலீஸ் காவலில் இருந்தார்கள். ஆனாலும் கொல்லைகளுக்குக் கரண்ட் வேண்டுமே. கரண்ட் ஆபீஸ் இன்ஜினியர் சுத்தியலோடு ஆளை அழைத்துக்கொண்டு கம்பத்தடிக்கு வந்தார். சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் பூட்டை உடைக்கலாம் என்று சொன்னார். முருகையன் கம்பத்துக்கு முன்னால் போய் நின்றான்.

"பூட்டுனவன்தான் தொறக்கணும் சார். இல்லன்னா அவன் ஊட்டு ஆளு வந்து தொறக்கணும். ஒடைக்கறதுன்னா என் மண்டையில ஆரம்பிங்க."

அப்பாசாமியும் அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். இன்ஜினியர் இருவரையும் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். செத்தவன் அவருடைய ஆள். "சரி, நாளைக்கி வரைக்கும் பாக்கலாம்" என்றார்.

மறுநாள், சுடுகாட்டில் பால் தெளிப்பு முடிந்த கையோடு சந்திரம்மாள் வந்தாள். ஒன்றிய ஆபீஸ் ஜீப்பில் அப்பாசாமிதான் கூட்டிவந்தார். யாரையும் பார்க்காமல் நேரே கம்பத்தடிக்கு நடந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தாள். "கைக்குள்ள வெச்சி இறுக்கியிருந்தாரு. வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சிதான் எடுத்தோம்" என்று பொதுவாகச் சொன்னாள்.

பூட்டில் சாவியை வைத்தவள் நிறுத்திக்கொண்டு கேட்டாள். "மேல யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லம்மா. எல்லாரும் எறங்கிட்டாங்க" என்றான் முருகையன்.

அப்போதுதான் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். பூட்டைத் திறந்து கையில் எடுத்தாள். எடுத்த வேகத்தில் அதாலேயே அவன் நெற்றியில் ஓங்கி அடித்தாள். புருவத்துக்கு மேல் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது.

"இது அவரு கைய ஒடிச்சதுக்கு."

மறுபடி ஓங்கினாள். முருகையன் நகரவில்லை. தன் வாழ்நாளில் ஓர் அடியை அவன் திருப்பாமல் வாங்கியது அதுதான் முதல் தடவை, அடுத்ததையும் வாங்கிக்கொள்ளத் தலையைக் குனிந்தான். ஓங்கிய கை மேலேயே நின்றது. பிறகு கீழே வந்தது. அவன் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் பூட்டையும் சாவியையும் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"வெச்சிக்க" என்றாள். "அடுத்த ஊர்லயும் மேல ஆள் இருக்கும்."